சாவி குடுக்கறதுக்கு முன்னாடி

தரேன் சார். தர மாட்டேன்னா சொன்னேன்? சாவி எங்கயும் ஓடிடாது. நீங்க மொதல்ல வந்து உக்காருங்க. அந்தச் சேர் வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. தொடைக்கத் துண்டு வேணுமா? மூஞ்சியெல்லாம் ஈரமா கீதே. சரி, கர்சீப் வச்சிருக்கீங்க. குழாத் தண்ணி உப்பு கரிச்சிருக்கும். ஊரப்பாக்கத்துல ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் பூரா இப்பிடித்தான்.

இன்னா தேடுறீங்க, செல்லா? இந்தாங்க. சேர் மேலயே வச்சுட்டு மூஞ்சி கழுவப் போயிட்டீங்க. ஆஃப் பண்றீங்களா? பண்ணுங்க, பண்ணுங்க. அது பாட்டுக்கு அடிச்சுகினே இருந்தா தொந்தரவுதான்.

எனக்கும் புரியுது சார். வண்டி புடிச்சிருக்கு, துட்ட மொத்தமா பையில போட்டுக் கொண்டாந்துட்டீங்க, பேரம்கூட பேசல. வேற எவனாச்சும் இருந்தா இந்நேரம் சாவிய உங்க கையில திணிச்சுட்டு கேட்டத் தொறந்து வுட்டிருப்பான். ஆனா எங்க வூட்ல அப்டி குடுக்கறதில்ல. சொல்லிட்டுத்தான் குடுப்போம்.

வேற இன்னா, வண்டியப் பத்திதான். ஆரம்பத்துலேருந்து.

கேக்க வேணாம்னா எப்டி சார்? கேட்டுத்தான் ஆவணும். எங்க நைனா கோவளத்துக்குப் பக்கத்துல குப்பத்துலேருந்து வந்தவரு. கங்காதரன்னு பேப்பர்ல பாத்தீங்களே, அவருதான். நான் பொறந்ததும் அங்கதான். எங்க வூட்ல கட்டுமரம் கை மாறுதுன்னா ஒரு மொறை உண்டு. வாங்குறவன் வந்து மணல்ல உக்காந்துக்கணும். மரத்து மேல கை வைக்கக் கூடாது. விக்கிறவன் நின்னுகினு சொல்லுவான். மரம் எங்க வாங்கினது, எங்க எங்க கவுந்துச்சு, யார் யார் இதுல ஏறுனாங்க, ஏறுனவங்கள்ல யாரு திரும்பி வரல. ஒண்ணு வுடாம சொல்லணும். அப்புறம்தான் கயித்த அலையில நனைச்சு வாங்குறவன் கையில குடுப்பாங்க. கட்டுமரம் போய் ஃபைபர் போட்டு வந்துச்சு, போட்டு போய் இந்தக் காரு வந்துச்சு. இது மட்டும் எங்களவுட்டுப் போவல. நைனா வண்டிய விக்கலாம்னு என்கிட்ட சொன்னப்ப விலையச் சொல்லல சார். டேய் குணா, சொல்லாம குடுத்துடாதடா, அவ்ளோதான் சொன்னாரு.

அவரு இல்ல. குப்பத்துல ஒரு கல்யாணப் பேச்சு, காலைலயே போயிட்டாரு. அதனாலதான் நான் சொல்ல வேண்டியதா போச்சு. எனக்கு அவரு அளவுக்கு வராது. கொஞ்சம் இழுக்கும். பொறுத்துக்கணும்.

அம்மா! சாருக்கு டீ!

இருக்கட்டும் சார், மொதல்ல குடிச்சது வேற. வெயில்ல வந்திருக்கீங்க.

டைமா? மணி நாலு தாண்டியிருக்கும். வாட்ச் கட்டிகினு வரல போல. நானும் கட்டறதில்ல.

நாங்க இங்க வந்ததே சுனாமிக்கு அப்புறம்தான். அம்மா சொல்லிட்டாங்க, இனிமே கடல் சத்தம் கேக்கற வூட்ல நான் சோறாக்க மாட்டேன்னு. கேளம்பாக்கம் பக்கத்துல தாத்தா சவுக்கு போட்டிருந்த எடம் ஒண்ணு. அதுல ஆடுதான் மேயும். திடீர்னு பாத்தா சுத்தி கண்ணாடி பில்டிங். ஐ.டி. கம்பெனிக்காரன் வந்து நின்னான். வித்தோம். வித்ததுல அம்மாவுக்கு இந்த வூடு. நைனாவுக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணுமாம். இந்த வண்டி.

சிரிக்காதீங்க சார். சிரிக்கலயா? சிரிச்சா பரவால்ல, நாங்களே சிரிச்சோம். அவரு சொன்ன காரணம் இன்னா தெரியுமா? பொறந்ததுலேருந்து காத்துக்கும் அலைக்கும் காத்துகினே இருந்துட்டேன், ஒரு தடவையாச்சும் நான் நெனச்ச வேகத்துல போவணும்னாரு. ஞாயித்துக்கிழமை காலைல ஈ.சி.ஆர்.ல கூரையத் தொறந்து வுட்டுகினு பறக்குதே வண்டிங்க, அத்த மீன் கூடையோட ரோட்டைத் தாண்ட நின்னுகினு எத்தினி வருஷம் பாத்திருப்பாரு. அடையார்ல ஒரு டாக்டர் கிட்டேருந்து வாங்குனாரு. போர்ஷேன்னு அவரு வாய்ல வராது. போர்சுன்னுவாரு.

வந்த அன்னைக்கு தெருவே மெர்சலாயிடுச்சு. எதிர்வூட்டு பக்தவச்சலம் சார், ரயில்வேல இருந்து ரிடையர் ஆனவரு, எல்லாத்துலயும் மூக்க நுழைப்பாரு, அவருதான் மொதல்ல பானெட்டத் தொறந்தாரு. தொறந்தா உள்ள கம்பளம் விரிச்ச குழி. ஒரு பெட்டி வைக்கலாம், அவ்ளோதான். என்ஜின் இல்ல. அவரு நைனாவைத் திரும்பிப் பாத்தாரு பாருங்க ஒரு பார்வை. யோவ் கங்காதரா, உன்ன நல்லா ஏமாத்திட்டான்யா, என்ஜினே இல்லாம வித்துட்டான். நைனா ஓடிப் போயி பின்னாடி டிக்கியத் தொறந்தாரு. அங்கயும் இல்ல! எண்ணெ ஊத்துறதுக்கு ஒரு மூடி, தண்ணி ஊத்துறதுக்கு ஒரு மூடி. அப்புறம் இத்த அடையார்லேருந்து இங்க ஓட்டியாந்தது ஆவியான்னு கேட்டான் ஒருத்தன். டாக்டருக்கு போன் போட்டுக் கேட்டப்பதான் தெரிஞ்சுது, என்ஜின் நடு வயித்துல, சீட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சிகினு கீதுன்னு. கண்ணால பாக்கணும்னா பிரிக்கணும்.

அதுலேருந்து யார் பாக்க வந்தாலும் இதே கூத்துதான். விக்கறோம்னு பேப்பர்ல போட்டதுலேருந்து எத்தினி பேர் வந்துட்டாங்க, அத்தினி பேரும் நேரா முன்னாடி போயி தொறங்கன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் தொறக்கச் சொல்லல. உங்களுக்கு இந்த வண்டி பழக்கமா சார்?

சரி. ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்.

டீ வந்துடுச்சு, எடுங்க. எங்கம்மா, காந்தா. சார் குரோம்பேட்டைம்மா. இல்லம்மா, இன்னும் இல்ல, சொல்லிகினு கீறேன். நீ உள்ள போ.

எழுந்துட்டீங்களே! உக்காருங்க சார். இப்ப எடுத்துகினு போனாலும் ஒண்ணும் ஆவாது. கேக்குதா, மணி அடிக்குது? ரயில்வே கேட்டு போட்டுட்டான். செங்கல்பட்டு போற வண்டி ஒண்ணு, எதிர்ல ஒண்ணு, ரெண்டும் போனாத்தான் தொறப்பான். கேட்டத் தாண்டாம ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் போவ வழி இல்ல. அங்க போயி வெயில்ல நிக்கறதுக்கு இங்க நெழல்ல உக்காந்து கேளுங்க.

எங்க வுட்டேன்? ஆங், வெள்ளம். கடலுக்குப் பயந்துகினு இங்க வந்தோமா, வந்த வருஷமே ஏரி ஒடைஞ்சுகினு வூட்டுக்குள்ள வந்துச்சு. எங்கம்மா மாடியில நின்னு அழுவுறாங்க, தண்ணியப் பாத்து இல்ல, சிரிப்பு தாங்காம. எங்க போனாலும் வருதேடான்னு. வண்டி தரையோட தரையா இருக்குமே, ஸ்டீயரிங் வரைக்கும் முழுகிடுச்சு. நைனா ராத்திரியெல்லாம் மாடியிலேருந்து அத்தப் பாத்துகினு. மாடு முழுகறதப் பாக்கற மாதிரி.

தண்ணி வடிஞ்சுது. ஜெயவேலு அண்ணனுக்கு போன் போட்டோம். பெருங்களத்தூர்ல வெளிநாட்டு வண்டிங்கல்லாம் பாக்கறவரு. அவரு ஒரே வார்த்தைதான் சொன்னாரு. கங்காதரண்ணே, நான் வர்ற வரைக்கும் சாவியக்கூட சொருவாதீங்க. ஆனா அவரால வர முடியல, அங்க அவரு கடையிலயே தண்ணி. அன்னைக்கு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். பக்தவச்சலம் சார் சொல்றாரு, வெள்ளத்துல பொழைச்ச வண்டிய நல்ல நேரத்துல ஒரு தடவ உசுப்பி வுட்டுடணும்னு. நைனாவுக்கு அவரு பங்குக்கு ஒரு ஞாயம். போட்டு மோட்டார் எத்தினி வாட்டி கடல்ல வுழுந்திருக்கு! தூக்கி, தொடைச்சு, கயித்த இழுத்தா பட்டுனு புடிச்சுக்கும். உப்புத் தண்ணியிலயே அது பொழைக்குது, இது நல்ல தண்ணிதான, ஏரித் தண்ணிதானன்னாரு.

நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சாச்சு. கற்பூரம் காட்டியாச்சு. பேட்டரி செத்துக் கெடந்துச்சு, பக்தவச்சலம் சாரோட அம்பாசிடர்லேருந்து கழட்டியாந்து மாட்டியாச்சு. பத்தரை அடிக்கறதுக்குள்ள ஆவணும்னு ஒரே பரபரப்பு. நைனா உக்காந்து சாவியத் திருப்புனாரு.

டொக்.

ஒரே சத்தம் சார். தேங்கா ஒடைச்ச மாதிரி. அவ்ளோதான். காத்து இருக்க வேண்டிய எடத்துல தண்ணி நின்னுகினு இருந்தா அமுங்குமா? உள்ள ராடு வளைஞ்சு என்ஜின் பிளாக்கே வெடிச்சுப் போச்சு. ஜெயவேலு அண்ணன் அப்புறம் வந்தாரு. எலுமிச்சம்பழத்தப் பாத்தாரு, நைனாவப் பாத்தாரு, டீ குடிச்சுட்டுப் போயிட்டாரு. புது என்ஜின் ஜெர்மனியிலேருந்து வரணும், அந்த விலைக்கு இன்னொரு சவுக்குத் தோப்பு வேணும்.

என் செல்தான். மிஸ்டு கால். ஃப்ரெண்டு ஒருத்தன். கேட்டுல மாட்டிகினிருப்பான், அதான் குடுக்கறான். அப்புறம் பேசிக்கலாம்.

குடிக்கவே இல்லையே சார் நீங்க. ஏடு கட்டிடுச்சு பாருங்க. அம்மா, இது ஆறிப் போச்சு, வேற கொண்டா!

இல்ல சார், முடிச்சுடறேன். இதான் முக்கியமான எடம். இத்தச் சொல்லாம குடுத்தா நைனா என்னை வூட்டுக்குள்ளயே சேக்க மாட்டாரு. இப்ப இதுல ஓடறது இதோட என்ஜின் இல்ல. வேற வண்டியோடது. உங்களுக்குத் தெரியும். போன்ல பேசுனப்பவே மத்தவங்கல்லாம் எத்தினி கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு கேட்டாங்க, நீங்க என்ஜின் நம்பர் கேட்டீங்க. நான் படிச்சேன். இன்னொரு தடவ படிக்கச் சொன்னீங்க. எழுதிக்கறீங்க போலன்னு நெனச்சேன்.

ஜெயவேலு அண்ணன்தான் கண்டுபுடிச்சாரு. மண்ணிவாக்கத்துல பழைய வண்டிங்களப் பிரிக்கிற யார்டு ஒண்ணு. இதே மாடல். இது சில்வர், அது செவப்பு. முன்பக்கம்... அத்த வுடுங்க. என்ஜின் பின்னாடி இருந்ததால அதுக்கு ஒரு கீறல்கூட இல்ல. ஜெயவேலு அண்ணனுக்குக் கொண்டாட்டம், இப்பிடி அமையாதுண்ணே, தூக்கிடுவோம்ங்கறாரு. நைனா அந்த வண்டியச் சுத்திச் சுத்தி வந்தாரு. அப்புறம் யார்டுக்காரனக் கேட்டாரு. இத்த ஓட்டுனது யாருப்பா?

அவனுக்கு இன்னா தெரியும்? இன்சூரன்ஸ் வண்டி, ஏலத்துல வந்துச்சுன்னான். நைனா வேணாம்னுட்டாரு. திரும்பி வராதவன் பேரு தெரியாம நான் எப்டி வாங்குவேன், நாளைக்கு நான் விக்கும்போது இன்னான்னு சொல்லுவேன்னாரு. ஜெயவேலு அண்ணன் தலையில அடிச்சுகினாரு. இது கட்டுமரம் இல்லண்ணே, காரு! நைனா கேக்கல. பஸ்ஸப் புடிச்சு முட்டுக்காட்டுக்குப் போனாரு. அங்கதான் ஆச்சுன்னு யார்டுக்காரன் சொன்னான். அங்க எறா விக்கறவங்க, டீக்கடைக்காரரு, எல்லாம் அவருக்குத் தெரிஞ்ச முகம். ஒவ்வொருத்தரா கேட்டாரு. செவப்பு வண்டியா, அந்தப் பையனா, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவான்ப்பா, எங்கள்லாம் கை காட்டிட்டுப் போவான், அன்னைக்கு மாடு குறுக்க வந்துடுச்சு, திருப்புனான்னாங்க. குரோம்பேட்டையில தோல் கம்பெனி வச்சிருக்கவரு பையன்னாங்க.

இருங்க சார், சொல்லிடறேன்.

நைனா குரோம்பேட்டைக்கும் போனாரு. வூட்டக் கண்டுபுடிச்சு கேட்டு வரைக்கும் போயிட்டாரு. உள்ள போயி, அய்யா உங்க பையனோட என்ஜின எடுத்துக்கறேன்னு சொல்லிட்டுத்தான் வாங்கணும்னு போனவரு. வராண்டாவுல ஒருத்தர் உக்காந்திருந்தாராம். நரைச்ச தலை. மடியில ஒரு ஷூ. பிரஷ்ஷ வச்சு பாலிஷ் போட்டுகினே இருந்தாராம். அவரு சைஸ் ஷூ இல்ல அது, பெருசு. போட்ட எடத்துலயே போட்டுகினு, போட்ட எடத்துலயே போட்டுகினு. நைனா கேட்டு மேல கைய வச்சாரு, தொறக்க முடியல. அப்பிடியே திரும்பி தாம்பரம் வரைக்கும் நடந்தே வந்துட்டாரு. அந்த மனுஷன்கிட்ட நான் இன்னாத்தக் கேப்பேன்னு அம்மாகிட்ட சொல்லி அழுதாரு. எங்க நைனா அழுது நான் பாத்தது அப்பதான்.

பேரு மட்டும் தெரிஞ்சுகினு வந்துட்டாரு. அது போதும்னு வாங்குனோம். மாட்டுனோம். மொத திருப்புலயே புடிச்சுது.

சொல்றேன் சார். அந்தப் பேருதான. எங்க வூட்ல என்ஜின்னு யாரும் சொல்றதில்ல. பேரச் சொல்லித்தான் பேசுவோம். நைனா காலைல எழுந்து பல்லு வெளக்குனதும் ஸ்டார்ட் பண்ணுவாரு. அம்மா அடுப்பங்கரையிலேருந்து கேப்பாங்க, இன்னா, ஆல்வின் எழுந்துட்டானா?

பாத்து, பாத்து. பரவால்ல சார், தரைதான. சட்டையில படலயே? குடுங்க அந்தக் கப்ப.

ஆல்வினுக்கு எண்ணெ மாத்தணும்பாரு. ஆல்வினுக்கு இன்னைக்குத் தொண்டை கட்டியிருக்கும்பாரு, மழை நாள்ல கொஞ்சம் கரகரக்கும். நான் ஓட்டிகினு போயி லேட்டா வந்தா, உன்ன வுடு, ஆல்வின எங்க கூட்டிகினு சுத்தறன்னு எனக்குத் திட்டு வுழும். நானும் ஓட்டியிருக்கேன் சார். மகாபலிபுரம் வரைக்கும், பாண்டிச்சேரி வரைக்கும். முட்டுக்காடு தாண்டும்போது மட்டும் நைனா ஸ்லோ பண்ணச் சொல்லுவாரு, டீக்கடைக்காரருக்குக் கை காட்டச் சொல்லுவாரு. காட்டுவேன். ஆல்வின் என்னை ஒரு நாள்கூட நடு ரோட்ல வுட்டதில்ல.

ஏன் விக்கறீங்கன்னு நீங்க கேக்கவே இல்ல. மத்தவங்க மொதல்ல அதத்தான் கேப்பாங்க. நைனாவுக்கு முட்டி போயிடுச்சு. உக்காந்தா எழுந்துக்க முடியல, ரெண்டு பேர் கையப் புடிச்சு தூக்கணும், கெணத்துலேருந்து தூக்கற மாதிரி. அவ்ளோதான் காரணம். வண்டி மேல குத்தம் இல்ல.

நல்லது. என் பக்கம் சொல்லி முடிச்சாச்சு.

சாவியா? இன்னும் ஒண்ணே ஒண்ணு கீது சார். மொறையில பாதிதான் ஆச்சு. விக்கறவன் சொல்லி முடிச்சா, வாங்குறவன் ஒண்ணு சொல்லணும். பெருசா ஒண்ணுமில்ல. எங்க போறேன், எப்ப திரும்புவேன். அவ்ளோதான். மணல்ல உக்காந்துகினு அவன் அத்தச் சொன்னாத்தான் கயிறு கைக்குப் போவும்.

எங்க போறீங்க சார்?

ஒரு ரவுண்டு. சரி. முட்டுக்காடு பக்கமா? தனியாவா? நான் வரேனே, ரெண்டு சீட்டு கீதே. வேணாமா. சரி.

எப்ப திரும்புவீங்க?

சார்.

நான் கத்தலயே. மெதுவாத்தான் கேக்கறேன். எப்ப திரும்புவீங்க?

சொல்லிட்டா முடிஞ்சுது. ஒரு வார்த்தை. ஏழு மணிக்கு, எட்டு மணிக்கு, நாளைக்கு. பொய்யாச்சும் சொல்லுங்க சார், நான் நம்பிட்டுப் போறேன். அதுகூட உங்களால சொல்ல முடியலல்ல? நீங்க பொய் சொல்ற ஆள் இல்ல, அதான்.

கோவப்படாதீங்க. உங்க பை அங்கயே கீது, யாரும் தொடல. நான் பாத்தத மட்டும் சொல்றேன். வந்ததும் நீங்க முன்னாடி போவல, பின்னாடியும் போவல. கதவத் தொறந்து, சீட்டுக்குப் பின்னாடி கம்பளத்து மேல கைய வச்சீங்க. ஜொரம் பாக்கற மாதிரி. ரொம்ப நேரம் வச்சிருந்தீங்க. அப்ப நான் இன்னமோ விஷயம் தெரிஞ்சவரு போலன்னுதான் நெனச்சேன். பேரு மாத்தணும் சார், ஆர்.டி.ஓ.வுக்கு என்னைக்குப் போலாம்னு கேட்டேன். அதெல்லாம் தேவைப்படாது தம்பின்னீங்க. அதுவும் எனக்கு உறைக்கல. பெட்ரோல் எவ்ளோ கீதுன்னு கேக்காம வண்டி எடுக்கறவரு யாருன்னுகூட எனக்கு உறைக்கல. நான் சின்னப் பையன் சார், துட்டப் பாத்து சந்தோஷத்துல இருந்தேன். மூஞ்சி கழுவிட்டு வரேன், சாவிய எடுத்து வைன்னீங்க. எடுத்து கையில வச்சுகினு நின்னேன். நெஜமாவே குடுத்திருப்பேன்.

ரயில் போயிடுச்சு. ரெண்டாவதும் போயிடுச்சு. கேட்டு தொறந்திருப்பான்.

உக்காருங்க சார், எழுந்தா மட்டும் சாவி எங்க கீதுன்னு உங்களுக்குத் தெரியுமா? என்கிட்ட இல்ல. இதோ பாருங்க, ரெண்டு பாக்கெட்டும். எங்கம்மா அரிசி டின்னுக்குள்ள போட்டு மூடி, அது மேல ஏறி உக்காந்துகினு கீது. டீ கொண்டாரும்போது மட்டும் எழுந்துக்கும்.

நீங்க குழாயாண்ட இருந்தப்ப உங்க செல் அடிச்சுது. அடுத்தவங்க செல்ல எடுக்கக் கூடாதுதான். விடாம அடிச்சுது, ஜீவிதான்னு பேரு வந்துச்சு, எடுத்துட்டேன். அது நீங்க யாருன்னு கேக்கல. எங்க கீறாருன்னும் கேக்கல. சாவியக் குடுத்துட்டீங்களான்னுதான் கேட்டுச்சு. அப்பா வாட்சையும் கல்யாண மோதிரத்தையும் எங்க அம்மா போட்டோ முன்னாடி கழட்டி வச்சுட்டுப் போயிருக்காரு, அந்த என்ஜின் எங்க கீதுன்னு மாசக் கணக்கா தேடிகினு இருந்தாரு, நான் வர்ற வரைக்கும் எப்டியாச்சும் பேசிகினே இருங்க தம்பின்னுச்சு. வூட்டுக்கு வழியச் சொல்லி என் நம்பரையும் குடுத்தேன். எனக்குப் பேச வருமா சார்? காலேஜ்ல அட்டெண்டன்ஸுக்கு உள்ளேன் அய்யாகூட பக்கத்துல இருக்கறவன்தான் எனக்காக சொல்லுவான். எங்க நைனா புண்ணியத்துல இந்தக் கட்டுமரக் கதை ஒண்ணு இருந்துச்சு, அத்த வச்சு ஓட்டிட்டேன். ஆனா சொன்னது எதுவும் பொய் இல்ல. வராண்டா, ஷூ, எதுவுமே.

ஆல்வினுக்கு நீங்கதான் அந்த வண்டிய வாங்கிக் குடுத்தீங்களாம், அக்கா சொல்லுச்சு. எங்க நைனாவும்தான் எனக்கு இந்தச் சாவியக் குடுத்தாரு. ஆசையாத்தான் குடுத்தாரு. மாடு குறுக்க வர்றத அவரு பாத்தா குடுத்தாரு?

விக்கறதா இல்லையான்னு அப்புறம் பாத்துக்கலாம். நைனா ராத்திரி வந்துடுவாரு. நீங்க நாளைக்குக் காலைல வாங்க. இங்கயே தங்குனாலும் சரி. நைனா ஸ்டார்ட் பண்ணும்போது பக்கத்துல உக்காந்துக்கங்க. எறங்கும்போது ரெண்டு பேர் வேணும்னேனே, ஒரு கை நீங்க புடிங்க.

மிஸ்டு கால் குடுத்தது ஃப்ரெண்டு இல்ல சார். கேட்டுல மாட்டிகினு நின்னது உங்க பொண்ணுதான். கேக்குதா, ஆட்டோ நம்ம வாசல்லதான் நிக்குது.

வாங்கக்கா, தொறந்துதான் கீது. இல்லக்கா, குடுக்கல. அழாதீங்க, இதோ உக்காந்திருக்காரு பாருங்க.

அம்மா, டின்ன வுட்டு எறங்கு. இன்னொரு டீ போடு, ரெண்டாப் போடு. இந்த வாட்டி நெஜமாவே குடிக்கறதுக்கு.